செப்டிக் சம்புக்கு எந்தப் பம்பு வாங்குறது? (குடும்பக் குழு)

கவிதா: மாமா, புது வீட்ல செப்டிக் டேங்க்ல இருந்து வழியிற தண்ணி பக்கத்துல இருக்கிற சம்புல விழுது. அங்கிருந்து மேட்டுல இருக்கிற உறிஞ்சுகுழிக்கு ஏத்தணும். கடையில ஒன்றரை ஹெச்பி சப்மெர்சிபிள் போட்டா கவலையே இல்லைங்கிறாங்க. வாங்கிடலாமா?

சேகர்: இரும்மா, வாங்காத. ஹெச்பியைக் கடைசியில பாத்துக்கலாம். முதல்ல அளவு சொல்லு. பம்பு ஆஃப் ஆகுற தண்ணி மட்டத்துல இருந்து குழியில பைப் வாய் வரைக்கும் நேர் உயரம் எவ்வளவு? பைப் எத்தனை இஞ்ச், எவ்வளவு நீளம், எத்தனை எல்போ? சம்போட உள் விட்டம்?

கவிதா: உயரம் 4.5 மீட்டர். 2 இஞ்ச் பிவிசி, 30 மீட்டர், 4 எல்போ. சம்ப் 1 மீட்டர் உறை. டேங்க்ல இருந்து வர்ற பைப், சம்ப் தரையில இருந்து 1.4 மீட்டர் உயரத்துல இருக்கு. வீட்ல 6 பேர்.

சேகர்: நல்லது. நிமிஷத்துக்கு 100 லிட்டர் போனா உனக்குப் போதும். பைப் உள் விட்டம் 50 மி.மீ.ன்னு வச்சுக்கிட்டா அந்த ஓட்டத்துல வேகம் செகண்டுக்கு 0.85 மீட்டர் வரும். 0.6க்குக் கீழ போனாத்தான் கசடு பைப்புலயே படிய ஆரம்பிக்கும்.
பைப் உராய்வால வீணாகிற உயரம் 100 மீட்டருக்கு 1.8 மீட்டர் வரும். எல்போ, என்ஆர்வி (தண்ணி திரும்பி வராமத் தடுக்கிற வால்வு), வால்வு எல்லாம் சேர்த்து இன்னொரு 12 மீட்டர் பைப்னு கணக்கு வை. 42 மீட்டருக்கு முக்கால் மீட்டர். அதோட 4.5ஐக் கூட்டினா 5.25. 5.5ன்னு வச்சுக்கோ. இதைத்தான் ஹெட்னு சொல்வாங்க.

சேகர்: கடையில இப்படிக் கேளு: "5.5 மீட்டர் ஹெட்ல நிமிஷத்துக்கு 100 லிட்டர் தர்ற பம்பு எது? அதோட கர்வ் காட்டுங்க." எந்த ஹெட்ல எவ்வளவு லிட்டர் வரும்னு காட்டுற வரைபடம்தான் கர்வ். பெட்டி மேல போட்டிருக்கிற அதிகபட்ச ஹெட்டையும் அதிகபட்ச லிட்டரையும் நம்பாத. அந்த ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்காது. அதிகபட்ச ஹெட்னு போட்டிருக்கிற உயரத்துல ஒரு சொட்டுகூட வராது.

பிரபு: அப்போ ஹெச்பி எவ்வளவு வரும் மாமா?

சேகர்: இந்த வேலைக்கு அரை ஹெச்பி தாராளம்.

கவிதா: பெரிசா போட்டா என்ன கெட்டுடும்?

சேகர்: மூணு கெடும். 250 லிட்டர் தள்ளுற பம்பு போட்டேன்னா ஓட்டம் இரண்டரை மடங்கு, ஆனா உராய்வு அஞ்சரை மடங்கு ஏறும். நிறைய கரண்ட் பைப்புக்குள்ளயே வீணாகும். சம்ப் ஒரு நிமிஷத்துக்குள்ள காலியாகி, பம்பு ஸ்டார்ட் ஆன கையோட நின்னுடும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஓடுற ஆம்ப்ஸைப் போல பல மடங்கு இழுக்கும், வைண்டிங்கும் கெப்பாசிட்டரும் அதுலதான் போகுது. மூணாவது, உறிஞ்சுகுழியால அந்த வேகத்துக்குத் தண்ணியை இழுக்க முடியாம மேல பொங்கும்.

பிரபு: எங்க வீட்ல கீழ்த்தளத்துல பாத்ரூம் போடப்போறோம், செப்டிக் டேங்க் அதை விட மேல இருக்கு. இதே பம்பு வாங்கிக்கவா?

சேகர்: கூடாது. கவிதாவோடது தெளிஞ்ச தண்ணி, 10-20 மி.மீ. துகள் போற எஃப்ளுயன்ட் பம்பு போதும். உனக்கு மலம், பேப்பர் எல்லாம் அப்படியே வரும். 50 மி.மீ. திடப்பொருள் உள்ளே போய் வெளியே வர்ற சீவேஜ் பம்பு வேணும், இம்பெல்லர் (உள்ளே சுத்துற விசிறி) வோர்டெக்ஸ் டைப்பா பாரு. அதுல இம்பெல்லர் பின்னால ஒதுங்கி நிக்கும், சுழல்தான் தள்ளும். முடி, துணி சுத்திக்காது. எஃபிஷியன்சி கொஞ்சம் குறைவு, பரவாயில்லை.

பிரபு: அரைச்சு அனுப்புற கிரைண்டர் பம்பு?

சேகர்: ரொம்ப உயரம், ரொம்ப தூரம், சின்ன பைப்னாதான் அது. பக்கத்துல இருக்கிற செப்டிக் டேங்குக்கு வேண்டாம். கூழா அரைச்சது டேங்க்ல சரியாப் படியாது, அப்படியே வழிஞ்சு போய் உறிஞ்சுகுழி மண்ணை அடைச்சிடும். குழி அடைச்சா பெரும்பாலும் திரும்பத் தோண்ட வேண்டியதுதான்.

மல்லிகா: வீட்ல ஒரு பழைய போர்வெல் மோட்டார் சும்மா கிடக்கே, அதைப் போட்டா ஆகாதா?

சேகர்: ஆகாதுங்க அண்ணி. அதுல அடுக்கடுக்கா நெருக்கமான இம்பெல்லர், சின்னத் துகள் வந்தாலே மாட்டிக்கும். மோட்டாரை ஒட்டி வேகமாத் தண்ணி ஓடினாத்தான் சூடும் தணியும், சம்புல அந்த ஓட்டம் கிடையாது.

ராஜா: பம்பை விட சீக்கிரம் போறது ஃப்ளோட் சுவிட்ச்தான், அதாவது தண்ணி மட்டத்தைப் பொறுத்து பம்பை ஆன், ஆஃப் பண்ற மிதவை. பம்போட ஒட்டி வர்ற ஃப்ளோட் வேண்டாம் கவிதா, அது போனா பம்பையே வெளிய தூக்கணும். தனியா மூணு ஃப்ளோட் வாங்கு: ஆஃப், ஆன், அலாரம். பம்பை 15 செ.மீ. கல் மேல நிறுத்து, அடியில படியிற மண்டியை இழுக்காது. பம்பு 30 செ.மீ. உயரம்னா ஆஃப் 45ல, ஆன் 75ல, அலாரம் 90ல.

ராஜா: கணக்கு இதான். 1 மீட்டர் உறையில 10 செ.மீ. தண்ணி 78 லிட்டர். ஆனுக்கும் ஆஃபுக்கும் 30 செ.மீ., அதாவது 235 லிட்டர். உன் பம்பு இரண்டரை நிமிஷம் போல ஓடும். 6 பேருக்கு நாளைக்கு 700 லிட்டர்னா மூணு தடவை ஸ்டார்ட். அலாரம் அடிச்ச பிறகும் 1.4 மீட்டர் வரைக்கும் சுமார் 390 லிட்டர் இடம் இருக்கு. அரை நாள் சமாளிக்கலாம்.

கவிதா: அலாரத்தையும் பம்பு எம்சிபியிலயே கொடுத்துடலாமா அண்ணா?

ராஜா: கொடுக்கவே கூடாது. பம்பு ட்ரிப் ஆனா அலாரமும் சேர்ந்து செத்துடும். அதுக்குத் தனி லைன். பம்புக்குத் தனி எம்சிபி, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்), நல்ல எர்த்.
கேபிள் நீளமா வர்ற மாதிரி வாங்கு, சம்புக்குள்ள ஜாயின்ட் போடாத. சம்புல வர்ற சாக்கடை வாயு செம்பைக் கருப்பாக்கித் தின்னுடும். கேபிள் வர்ற குழாய் வாயையும் அடைச்சிடு. இல்லைன்னா வாயு அது வழியா பேனல் வரைக்கும் ஏறி கான்டாக்டரை (பம்பை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) அரிக்கும்.

சேகர்: பாடி விஷயமும் பாத்துக்கோம்மா. வார்ப்பிரும்பு பாடி, ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், சிலிக்கான் கார்பைடு மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் வழியா மோட்டாருக்குள்ள தண்ணி போகாமத் தடுக்கிறது). நடுவுல எண்ணெய் அறையோட ரெண்டு சீல் இருந்தா இன்னும் நல்லது. சர்வீஸ்ல அந்த எண்ணெய் பால் மாதிரி வெள்ளையா இருந்தா கீழ் சீல் போச்சுன்னு அர்த்தம், உடனே மாத்தினா மோட்டார் தப்பிக்கும். துத்தநாகம் பூசின போல்ட் வேண்டாம், அடுத்த தடவை ஸ்பேனர் பிடிக்க தலையே இருக்காது. தெர்மல் ஓவர்லோட் (மோட்டார் ரொம்ப சூடானா நிறுத்துறது) உள்ளேயே இருக்கான்னும் கேளு.

கவிதா: என்ஆர்வி கட்டாயமா? பிளம்பர் தேவையில்லைன்னு சொல்றார்.

சேகர்: கட்டாயம். 30 மீட்டர் பைப்புல 59 லிட்டர் நிக்கும். என்ஆர்வி இல்லைன்னா பம்பு நின்னதும் அத்தனையும் சம்புக்கே இறங்கும். 235ல கால்வாசியைத் தினமும் திரும்பத் திரும்ப ஏத்திக்கிட்டிருப்ப. ஸ்விங் டைப் இல்லைன்னா பால் (பந்து) டைப் போடு, ஸ்பிரிங் வச்சது வேண்டாம், நார் சிக்கும். அதுக்கு மேல பால் வால்வு, கை எட்டுற இடத்துல யூனியன் (பைப்பைக் கழட்டி மாட்டுற இணைப்பு).
பம்புக்கும் என்ஆர்விக்கும் நடுவுல பைப்புல 4 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடச் சொல்லு. அது இல்லாம காத்து மாட்டிக்கிட்டா பம்பு சத்தம் போடும், தண்ணி ஏறாது. ஓடும்போது அதுல இருந்து பீச்சுறதைப் பாத்துட்டு யாராவது எம்சீல் வச்சு அடைச்சிடப் போறாங்க, முன்னாடியே சொல்லி வை.

மல்லிகா: ரிப்பேர்னா ஆளை உள்ள இறக்கித்தானே எடுக்கணும்?

ராஜா: யாரையும் இறக்கக் கூடாது சித்தி. ஒரு நிமிஷத்துக்குக்கூட. ஹைட்ரஜன் சல்ஃபைடு கம்மியா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும், அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. காப்பாத்த இறங்குற ரெண்டாவது ஆளும் அதே இடத்துல விழுந்துடுவாங்க. அதுக்காகத்தான் யூனியனை மேல வைக்கச் சொல்றது. பம்பு கைப்பிடியில ஸ்டெயின்லெஸ் சங்கிலி மாட்டி மூடி பக்கத்துல கொக்கியில தொங்கவிட்டா, மேல நின்னே தூக்கிடலாம். கேபிளைப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க, கிளாண்ட் (கேபிள் உள்ள நுழையுற இடத்து அடைப்பு) பிஞ்சு தண்ணி உள்ள போயிடும்.

பிரபு: ஈரத் துடைப்பான் பாக்கெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருக்கே?

சேகர்: போட்டிருந்தாலும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகணும். கரையாது, கயிறாத் திரிஞ்சு இம்பெல்லர்ல சுத்தும். நாப்கினும் அப்படித்தான். கவிதா, செப்டிக் டேங்க் வெளிவாய்ல ஒரு ஃபில்டர் போட்டு வருஷம் ஒரு தடவை கழுவு.

கவிதா: சரி மாமா. மாட்டின பிறகு சரியா ஓடுதான்னு எப்படிப் பாக்கறது?

சேகர்: சம்ப் ஆன் மட்டத்துக்கு வந்ததும் வீட்ல எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிட்டு, அளவுகோலோட மூடி பக்கத்துல நில்லு. ஒரு நிமிஷத்துல 12-13 செ.மீ. இறங்கணும். அதான் 100 லிட்டர். கூடவே கிளாம்ப் மீட்டர்ல (ஒயரைச் சுத்தி மாட்டி கரண்ட் அளக்கிற மீட்டர்) ஆம்ப்ஸ் பாத்து, ரெண்டையும் பேனல் கதவுல எழுதி ஒட்டு.

ராஜா: பின்னாடி சந்தேகம் வந்தா அதோட ஒப்பிட்டுப் பாரு. இறக்கம் குறைஞ்சு ஆம்ப்ஸும் குறைஞ்சிருந்தா காத்து அடைப்பு, மூடின வால்வு, இல்லைன்னா திறக்காத என்ஆர்வி. ஆம்ப்ஸ் ஏறியிருந்தா இம்பெல்லர்ல ஏதோ சுத்தியிருக்கு, எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு மேல தூக்கு.

கவிதா: சரிண்ணா. கடையில கர்வ் வாங்கிட்டு இங்க போட்டோ போடறேன், பாத்து சொல்லுங்க மாமா.

சேகர்: போடும்மா. நேம்பிளேட் போட்டோவும் சேர்த்து, ஆம்ப்ஸ் தெரியுற மாதிரி.