சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் பிறந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவோடு தெற்குச் சீனாவில் உள்ள குவாங்சோ நகருக்குப் போகிறேன். அப்படியே சோங்ஷான் அருகே இருக்கும் சுய்ஹெங் கிராமத்தில் சுன் யாட் சென் வீட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை. 1892-ல் அண்ணன் அனுப்பிய பணத்தில் அவரே திட்டமிட்டுக் கட்டிய வீடு அது. இரண்டு மாடியிலும் வரிசையாக வளைவுகள் வைத்த முகப்பு.

எனக்கு அதைவிட முக்கியம் முற்றத்துப் புளியமரம். 1883-ல் ஹவாயிலிருந்து விதை கொண்டுவந்து அவரே நட்டது. 1931-ல் புயலில் சாய்ந்தும், படுத்தபடியே தழைத்து நிற்கிறதாம். அப்பா விவசாயி, அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறார்.

குவாங்சோவிலிருந்து ரயிலில் போனால் எந்த நிலையத்தில் இறங்குவது வசதி? அங்கிருந்து பேருந்தா, டாக்ஸியா? பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விடுவார்களா, இல்லை வீசாட் (WeChat) செயலியில் முன்பதிவு கட்டாயமா? சீன மொபைல் எண் எங்களிடம் இல்லை. அப்பாவுக்கு மூட்டுவலி வேறு, அதனால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும், உள்ளே சக்கர நாற்காலி கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள். சமீபத்தில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். அப்புறம், சைவச் சாப்பாடு பக்கத்தில் கிடைக்குமா?