கிளிநொச்சியில் விலைகூடிய மோட்டார் சைக்கிள்: வண்டியைப் பார்ப்பதா, ஷோறூமைப் பார்ப்பதா?

இரணைமடுவான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை காரணமாகக் கிழமையில் பெரும்பாலான நாட்கள் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாகப் புதுக்குடியிருப்புக்கும், இடைக்கிடை ஒட்டுசுட்டானுக்கும் போய்வருகிறேன். இப்போது ஓடுவது 150 சி.சி. யமஹா எஃப்.இசட். அதைக் கொடுத்துவிட்டு றோயல் என்பீல்ட் கிளாசிக் 350 அல்லது ஹிமாலயன் 450 எடுக்க எண்ணியிருக்கிறேன். பணத்தில் பெரும்பகுதி கையில் உண்டு.

நான் போன ஷோறூமில், முழுக்காசு கட்டுவதாகச் சொன்னால் வண்டி வர மாதக்கணக்காகும் என்கிறார்கள். லீசிங் (நிதிக் கம்பனி காசைக் கட்ட, நாம் தவணையில் அடைப்பது) என்றால் அடுத்த கிழமையே எடுக்கலாமாம். காப்புறுதியை அவர்கள் காட்டும் கம்பனியில்தான் செய்ய வேண்டுமாம். காவல் கம்பியும் பெட்டித் தாங்கியும் ஏற்கெனவே பூட்டியிருப்பதால் அவற்றின் விலையும் சேரும், கழற்றித் தர இயலாது என்கிறார்கள். விலைத்தாளில் பதிவுச் செலவு இல்லை. முற்பதிவுக்காக 1 இலட்சம் ரூபா கேட்டு, அதற்கு விற்பனைப் பிரதிநிதி தன் பெயர் அட்டையின் பின்புறத்தில் பேனையால் எழுதித் தருவதாகச் சொன்னார். எந்த வண்டியைத் தெரிவது, இந்த நிபந்தனைகளுக்கு உடன்படுவதா என்று உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கணக்கர் எழுதியது:

வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். பெயர் அட்டையின் பின்புறத்தில் எழுதிய எழுத்துக்கு 1 இலட்சம் கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். விலையைக் காட்சிக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. கம்பனியின் முத்திரையும் தொடரிலக்கமும் உள்ள பற்றுச்சீட்டில் வண்டியின் மாதிரி, நிறம், இறுதி விலை, வண்டி தரும் திகதி, தராவிட்டால் காசு எப்போது திரும்பும் என்ற ஐந்தும் இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

காசு கையில் இருக்கும் ஒருவரை லீசிங் பக்கம் தள்ளுவதற்குக் காரணம் மிகவும் எளியது. லீசிங் கம்பனி ஷோறூமுக்குக் கொமிஷன் கொடுக்கிறது, உங்கள் காசுத்தாள் கொடுப்பதில்லை. பிரதிநிதி "வருடத்துக்கு 12 வீதம்தான்" என்று சொல்லும்போது அது பிளாட் வட்டியா, குறைந்துசெல்லும் மீதிக்கான வட்டியா என்று கேளுங்கள். 10 இலட்சத்துக்கு 12 வீதப் பிளாட் வட்டியில் 4 வருடம் என்றால் வட்டி 4 இலட்சத்து 80 ஆயிரம். மாதத் தவணை 30,833 ரூபா. முதல் மாதத்திலிருந்தே கடன் தொகையை அடைத்துக்கொண்டு வருகிறீர்கள், ஆனால் கடைசி மாதம் வரை முழு 10 இலட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். மீதிக் கடனை வைத்துக் கணக்கிட்டால் இதே தவணை வருடத்துக்கு 21 வீதத்தை நெருங்குகிறது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது கம்பனியின் பெயர், உங்கள் பெயரன்று. அந்த 48 மாதங்களில் வண்டியை விற்க வேண்டிவந்தாலும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

விற்பனையிலிருந்தவன் எழுதியது:

கணக்கர் ஐயா சொன்ன வட்டிக் கணக்கு சரியானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஷோறூம் என்றாலே கொள்ளைக்கூடம் என்பதுபோல் பேசுவது நியாயமாகாது. நான் சில காலம் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்டவர்களுக்கான வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய வண்டி இல்லாமல், உதிரிப்பாகத்தையும் சேவிஸையும் வைத்துக்கொண்டு ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த இடங்கள் இவை. இப்போதும் ஒரு தொகுதி வந்தால் எத்தனை வண்டி வடக்குக்கு வரும் என்பதைக் கொழும்புதான் தீர்மானிக்கிறது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் முகவருக்கு இரண்டோ மூன்றோ கிடைத்தால் அவர் அவற்றை எவருக்கு முதலில் கொடுப்பார்? காசுக்காரர் "மச்சான் லண்டனிலிருந்து அனுப்புவான், அடுத்த மாதம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். லீசிங்காரருக்குக் கம்பனியின் அனுமதிக் கடிதம் வந்துவிட்டால் பணம் உறுதி. இதில் கொமிஷனும் உண்டு, நிச்சயமும் உண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காவல் கம்பி விடயத்திலும் ஒன்று சொல்வேன். 195 கிலோ வண்டி நின்ற நிலையில் ஒருமுறை சரிந்தால் கிளட்ச் கைப்பிடியும் சமிக்ஞை விளக்கும் போய்விடும். அதை முதல் மாதத்திலேயே உடைத்துக்கொண்டு வந்து எங்களோடு சண்டை பிடித்தவர்களைப் பார்த்துத்தான் முன்கூட்டியே பூட்டிவிடும் வழக்கம் வந்தது.

கணக்கர் எழுதியது:

முன்கூட்டியே பூட்டுவது வாங்குபவரின் நன்மைக்காகவே என்றால் "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்பதில் என்ன தடை? கேட்காமல் பூட்டிவிட்டு, கழற்ற முடியாது என்று சொல்வது அக்கறையன்று. நாலு போல்ட்டில் நிற்கும் கம்பியை மாங்குளத்தில் இருக்கும் எந்தப் பொடியனும் கால் மணி நேரத்தில் கழற்றிவிடுவான். காசுக்காரர் வராமல் போவார் என்ற பயத்துக்கும் மருந்து உண்டு: ஒழுங்கான பற்றுச்சீட்டோடு முற்பணம் வாங்கிவிட்டுத் திகதி குறியுங்கள். அதைச் செய்யாமல் பெயர் அட்டையில் எழுதித் தருவது எந்த நிச்சயத்தைத் தேடும் முறை?

மாங்குளம் கராஜ் எழுதியது:

"எந்தப் பொடியனும்" என்று சொன்னதால் உள்ளே வருகிறேன். தம்பி எழுதிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு வண்டியும் நிறையில் ஒன்றாகவும் குணத்தில் வேறாகவும் இருப்பவை.

கிளாசிக் 350இல் 349 சி.சி. எஞ்சின், சுமார் 20 குதிரைவலு, 4000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. நிறை 195 கிலோ. ஹிமாலயன் 450இல் 452 சி.சி., தண்ணீரால் குளிரும் எஞ்சின், 40 குதிரைவலு, 40 நியூட்டன் மீற்றர், நிறை 196 கிலோ. உங்கள் எஃப்.இசட். 135 கிலோ அளவில்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷோறூமின் ஓடு பதித்த தரையில் வண்டியை நிமிர்த்திப் பார்ப்பதும், மழைக்குப் பிறகு குளக்கட்டு வழியில் களியில் பின் சில்லு வழுக்கும்போது காலை ஊன்றுவதும் ஒரே காரியமல்ல. ஹிமாலயனின் இருக்கை உயரம் தாழ்ந்த நிலையிலேயே 825 மி.மீ., கிளாசிக்கில் 805. உயரம் குறைந்தவருக்கு அந்த 20 மி.மீ. பெரிய வித்தியாசம். மறுபக்கம், நிலத்திலிருந்து அடிப்பகுதிக்குள்ள இடைவெளி ஹிமாலயனில் 230 மி.மீ., கிளாசிக்கில் 170. ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே கிரவல் வீதியில் இறங்குவீர்கள் என்றால் அது கணக்கில் எடுக்க வேண்டிய விடயம்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது சில்லைத்தான். ஹிமாலயனின் முன் சில்லு 21 அங்குலம். கிளாசிக்கில் முன் 19, பின் 18. இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை 17, 18 என்பதால் நம் சந்திகளில் இருக்கும் ரியூப் கடைகளில் அந்த அளவுகள்தான் தொங்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் 21 அங்குல ரியூப் கிழிந்தால் யானை வரும் பாதையில் வண்டியைக் காவல் காக்க வேண்டிவரும். கம்பிச் சில்லு, ரியூப் ரயர் என்றால் சில்லைக் கழற்றாமல் ஒட்ட முடியாது. கிளாசிக்கில் அலோய் சில்லும் ரியூப் இல்லாத ரயரும் வரும் வகை உண்டு. அதற்கு வீதியோரத்தில் இருந்தபடியே துளையில் இறப்பர்த் திரி குத்தி, காற்றடித்துக்கொண்டு வந்துவிடலாம். அந்த வகையைத் தேடுங்கள்.

நெடுவழி எழுதியது:

மாங்குளம் அண்ணை சொல்வது எல்லாம் உண்மை, ஆனால் இந்த நியாயத்தைக் கடைசி வரை கொண்டுபோனால் வன்னியில் இருப்பவன் சாகும் வரை 100 சி.சி.யோடுதான் இருக்க வேண்டும். கடையில் ரியூப் இல்லையென்றால் வாங்குபவர் இல்லாததால் இல்லை. வாங்குபவர் வந்தால் ரியூபும் வரும். முன்பு பல்சர் வந்தபோதும் இதே பேச்சுத்தான் பேசினார்கள்.

நான் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு, எழுபது கிலோமீற்றருக்கு மேல், அடிக்கடி ஓடுகிறவன். 150 சி.சி.யில் ஏ9 வீதியில் ஒரு நெல் லொறியை முந்த எவ்வளவு நேரம் எதிர்த்தடத்தில் தொங்க வேண்டியிருக்கிறது என்பதை ஓடுபவர்களே அறிவார்கள். 450இல் அந்த நேரம் பாதியாகிறது. இரு சில்லுக்கும் ஏ.பி.எஸ். (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுப்பது) இருப்பதால், மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாடுகள் வீதியில் ஏறும்போது பிறேக்கை முழுமையாக அழுத்தத் துணிவு வருகிறது. இது ஆடம்பரமா? ஹிமாலயனை எடுத்து, ஒரு 21 அங்குல ரியூபையும் சிறு காற்றடிப்பானையும் பெட்டியில் வைத்துக்கொண்டால் விடயம் முடிந்தது.

மாங்குளம் கராஜ் எழுதியது:

ரியூபைப் பெட்டியில் வைக்கலாம் தம்பி, ரேடியேற்றரை வைக்க முடியாது. அறுவடைக் காலத்தில் வீதியோரத்து உமியும் தூசியும் அதில் அடைபடும்போது கழுவிவிட வேண்டும், குளிரூட்டும் திரவம் சரியான வகையாக இருக்க வேண்டும். அதை அறிந்தவர் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. வலுவைப் பற்றியும் ஒன்று: இந்த நாட்டில் அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 40 குதிரைவலுவில் பாதி, நீங்கள் சொன்ன அந்த முந்தும் சில விநாடிகளுக்காக மட்டும்தான் இருக்கிறது. அந்த விநாடிகளுக்கு மதிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தம்பிக்கு அது எத்தனை முறை தேவைப்படும்?

கணக்கர் எழுதியது:

நெடுவழி சொல்லும் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆசைக்கு எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறோம் என்பதே என் கவலை. கேள்வி கேட்டவருக்கு மாதச் சம்பளம் இருக்கலாம். ஆனால் இந்தத் திரியை வாசிக்கும் பலருக்கு வருமானம் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் மட்டும் வருகிறது. லீசிங் தவணையோ மாதாமாதம் வருகிறது. நெல் விலை விழுந்த ஒரு போகம் போதும், தவணை தவறி, கம்பனியின் ஆள் வாசலில் நின்று வண்டியைக் கேட்பதற்கு. வங்கியில் நகை அடகு வைத்தோ சேமித்தோ எடுப்பவருக்கு அந்த நிலை இல்லை. பதிந்து ஓடிய வண்டியை, புத்தகத்தில் முழு உரிமையாளராகக் கம்பனி இல்லை என்று பார்த்து, உரியவரிடம் நேரே வாங்குவதும் ஒரு வழி. அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

விற்பனையிலிருந்தவன் எழுதியது:

பேசாததற்குக் காரணம் விலை. இறக்குமதி நின்ற வருடங்களில் ஓடிய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் இன்னும் பல விற்பவர்களின் மனத்திலிருந்து இறங்கவில்லை. புதியதற்கும் பழையதற்கும் வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது உத்தரவாதத்தோடு வரும் புதியதே நல்லது என்பது என் கருத்து. மற்றபடி, காப்புறுதியில் ஷோறூமுக்கு ஒரு பங்கு கிடைக்கிறது என்பதை ஒளிக்கப் போவதில்லை. லீசிங் கம்பனி முழுக் காப்புறுதி கேட்கும், அது அதன் சொத்து என்பதால். முழுக்காசுக்கு வாங்குபவர் எந்தக் கம்பனியிலும் செய்யலாம். அதைத் தடுக்க ஷோறூமுக்கு எந்த உரிமையும் இல்லை. வேறு கம்பனியின் விலைக்கோரலைக் கையில் கொண்டுபோய் மேசையில் வைத்துப் பாருங்கள். வாயால் வாதாடுவதைவிட அந்தத் தாள் விரைவாக வேலை செய்யும்.

இரணைமடுவான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று மறுபடி போனேன். முழுக்காசு, அலோய் சில்லுள்ள கிளாசிக் 350, கம்பியும் தாங்கியும் இல்லாமல், காப்புறுதி என் தெரிவில் என்று சொன்னேன். முதலில் முகாமையாளர் "அந்த வகை இப்போது வராது" என்றார். பற்றுச்சீட்டில் திகதியும் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையும் எழுதினால் அந்த இடத்திலேயே முற்பணம் கட்டுகிறேன் என்றதும் உள்ளே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தார். தாங்கி இல்லாமல் தருவார்களாம், கம்பியில் மட்டும் விடவில்லை. பதிவுச் செலவைத் தனியாக எழுதித் தந்தார்கள். கம்பிக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. விற்பனையிலிருந்தவர் சொன்னதைக் கேட்ட பிறகு அதில் கொஞ்சம் மனம் இளகியும் இருக்கிறது. ஹிமாலயனை விட்டதற்கு நெடுவழி மன்னிக்க வேண்டும்.

நெடுவழி எழுதியது:

மன்னிக்க மாட்டேன். இரண்டு வருடத்தில் வலு போதவில்லை என்று எழுதுவீர்கள், அப்போது இந்தத் திரியை மேலே தூக்கி விடுகிறேன்.

மாங்குளம் கராஜ் எழுதியது:

வண்டி எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். செசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள தகட்டில் உற்பத்தி மாதமும் வருடமும் இருக்கும். ரயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024இன் 23ஆம் கிழமையில் செய்தது. இரண்டும் நீண்ட இடைவெளியில் இருந்தால் காரணம் கேளுங்கள். செசி, எஞ்சின் இலக்கங்களை விலைப்பட்டியலில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓடிய தூரம் காட்டும் இடத்தில் ஓரிரு கிலோமீற்றருக்கு மேல் இருந்தால் அது பலர் ஓடிப் பார்த்த வண்டியாக இருக்கலாம், அப்படியானால் அதற்கேற்ற விலையைக் கேளுங்கள். முதல் 500 கிலோமீற்றர் சேவிஸை எங்கே செய்யப் போகிறார்கள், கிளிநொச்சியிலேயா, வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் அந்த நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியை வாங்குங்கள் தம்பி, ஆனால் விலையில் பாதிக்குக் கேளுங்கள்.