குழந்தை இருந்தால்தான் பண்டிகை களை கட்டுமா? உங்கள் வீட்டில் எப்படி?

பால்கனிப் பொங்கல்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் பல வருஷம் எங்களுக்குப் பொங்கல் என்றால் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு, அவ்வளவுதான். குக்கரில் சர்க்கரைப் பொங்கல், டிவியில் பட்டிமன்றம், மத்தியானம் ஒரு தூக்கம். தீபாவளிக்கு ஆபீஸில் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸை வாங்கி அப்படியே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம். சின்ன வயதில் விடிய விடியத் தூங்காமல் காத்திருந்த அதே நாட்கள்தான், ஆனால் எதுவுமே ஒட்டவில்லை.

இப்போது மகளுக்கு நாலு வயது. போன பொங்கலுக்குச் சும்மா இருக்கட்டுமே என்று பால்கனியில் கேஸ் அடுப்பை வைத்து, மாமியார் கொடுத்த குட்டி வெண்கலப் பானையில் மஞ்சள் கொத்து கட்டிப் பொங்கல் வைத்தோம். பால் பொங்கும்போது அவள் கையில் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொடுத்து “பொங்கலோ பொங்கல்” என்று கத்தச் சொன்னோம். அன்றோடு முடிந்தது என்று நினைத்தால், அதற்கப்புறம் வீட்டில் எப்போது பால் பொங்கி வழிந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுகிறாள். காலையில் ஆபீஸ் அவசரத்தில் பர்னரைத் துடைத்துக்கொண்டே நானும் கூடக் கத்த வேண்டும், இல்லையென்றால் விடமாட்டாள். எரிச்சலாகத்தான் வரும், ஆனால் சிரிப்பும் வந்துவிடுகிறது. அடுத்த தைக்கு என்னென்ன செய்யலாம் என்று புரட்டாசியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர், “இது அவளுக்காக இல்லை, உனக்காக. உன் சின்ன வயசை அவளை வைத்து நீ திரும்ப ஓட்டிப் பார்க்கிறாய்” என்கிறார். இருக்கலாம். உங்கள் அனுபவம் என்ன? இந்த வயதுக் குழந்தைகளோடு ஃபிளாட்டில் என்னென்ன செய்யலாம்? அப்புறம், இது எத்தனை நாளைக்கு? அக்கா மகனுக்குப் பதினொரு வயது, தீபாவளி அன்றைக்கும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

வடசென்னை அப்பா:

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதிதான் சரி. நம் சின்ன வயசை ஓட்டிப் பார்க்கத்தான் நாம் ஆரம்பிக்கிறோம், ஆனால் ரெண்டாவது வருஷத்திலிருந்து அது நம் கையில் இல்லை. குழந்தைகளைப் போலச் சம்பிரதாயம் பார்க்கிற ஆட்கள் உலகத்தில் கிடையாது. ஒரு தடவை செய்துவிட்டால் அது சட்டம். “போன தடவை இப்படித்தானே செஞ்சோம்” என்று ஒரு வார்த்தையில் மடக்கிவிடுவார்கள், எந்த சாஸ்திரிகளும் இவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டார்.

தீபாவளி அன்றைக்குப் புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைப்போம் இல்லையா, ஒரு வருஷம் என் பையன் சட்டையில் மட்டும் விட்டுப்போயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து காலரைத் திருப்பிப் பார்க்கிறான், கையைத் திருப்பிப் பார்க்கிறான், மஞ்சள் இல்லை. போட்டுக்கொள்ள மாட்டேன் என்று துண்டோடு உட்கார்ந்துவிட்டான். என் அம்மா எழுந்துபோய் மஞ்சளைக் குழைத்துக் காலர் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்தபிறகுதான் சட்டை ஏறியது. அந்த மஞ்சளை எதற்கு வைக்கிறோம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, இப்போது கவனமாக வைக்கிறேன். பண்டிகை திரும்ப உயிர் பெறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆச்சரியப்படுவது அவர்கள் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவர்கள் என்னடாவென்றால் நாம் ஒழுங்காகச் செய்கிறோமா என்று மேற்பார்வை பார்க்கிறார்கள்.

வெடி விஷயம் வேறு கதை. 2018ல் உச்ச நீதிமன்றம் நேரம் குறித்தபிறகு இங்கே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. பெரியவர்கள் எல்லாம் இதென்ன தீபாவளி என்று புலம்பினார்கள். பொடிசுகளுக்கு அந்த நேரக் கணக்கே ஒரு விளையாட்டாகிவிட்டது. நாலு மணிக்கே குளித்து, லேகியத்தைத் துப்பாமல் முழுங்கி, கடிகாரத்தின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து 6 அடிக்கக் காத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், சின்னக் குழந்தை என்று பாம்பு மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சத்தம் இல்லை என்பதால் சாது என்று நினைக்கிறோம், 2016ல் புனேயில் பட்டாசுகளின் நுண்துகளை அளந்து பார்த்தபோது அதில்தான் புகை எல்லாவற்றையும்விட அதிகம் என்று வந்தது. தள்ளிப் பிடித்தால் கம்பி மத்தாப்பு தேவலை.

போகிக்கு இங்கே தெருவோரத்தில் குட்டி மேளம் விற்பார்கள், குச்சியோடு. விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் ஃபிளாட்டில் அதை அடித்தால் அசோசியேஷன் மெயில் வரும். வரட்டும்.

சீடை வெடிச்சத்தம்:

எல்லாரும் ரொம்ப ரசிக்கிறீர்கள், நல்லது. மாவு அரைக்கிறது யார், பாத்திரம் தேய்க்கிறது யார் என்று ஒருவரும் சொல்லக் காணோம். வடசென்னை அப்பா, உங்கள் கதையிலும் மஞ்சள் குழைத்தது அம்மாதான், பார்த்தீர்களா?

குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு மகிழ்ச்சி திரும்பியது உண்மைதான். ஆனால் கோகுலாஷ்டமிக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் துணியில் உலர்த்திய சீடையை எண்ணெயில் போட்டுவிட்டு, எப்போது வெடிக்குமோ என்று தட்டைக் கேடயம் மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கும் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் வந்து சேர வேண்டாமா?

நான் என்ன செய்தேன் என்றால், பட்சணம் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிட்டேன். வெண்ணெயும் அவலும் மட்டும் வீட்டில். மாமியாருக்கு முகம் சுருங்கியது, சரியாகிவிட்டது. குழந்தைக்கு முறுக்கு எங்கே சுட்டது என்று என்ன அக்கறை? அவளுக்கு வேண்டியது கால் வைப்பது. பெரியவர்கள் கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்து ஒற்றி, மேலே அஞ்சு பொட்டு வைத்துக் கண்ணன் பாதம் போடுவார்கள். இவள் சொன்னாள், என் காலே சின்னதாகத்தானே இருக்கு. சரி என்று தட்டில் மாக்கரைசலை ஊற்றி அதிலேயே நிற்கவைத்துவிட்டேன். வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை நேராகப் போனவள், அங்கே நிற்காமல் ஃபிரிட்ஜ், சோபா, பாத்ரூம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். துடைக்கிற முறை அவள் அப்பாவுக்கு. அது எழுதாத ஒப்பந்தம்.

பொருநைக் கரை:

பால்கனிப் பொங்கல் அக்கா, ஃபிளாட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், பிள்ளைகளுக்கு என்றே தனிப் பொங்கல்.

மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப் பூ சொருகுவோம். அந்த உருண்டைகளை வீசிவிட மாட்டோம், அன்றன்றைக்குப் பூவோடேயே வட்டமாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துவைப்போம். அப்புறம் தை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, முற்றத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் குட்டி வீடு கட்டுவார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் அடுக்களை தனி, வாசல் தனி. வாசலில் அதற்கும் கோலம் உண்டு. அந்த வீட்டுக்கு முன்னால் சின்னப் பானையில் பொங்கல் வைத்து, சாயங்காலம் காய்ந்த எருத்தட்டுகளின் மேல் கொஞ்சம் பொங்கலும் கற்பூரமும் வைத்து ஆற்றில் விடுவோம். பெரியவர்கள் கூட வருவார்கள், ஆனால் அன்றைக்கு அவர்கள் விருந்தாளிகள்தான். யார் பொங்கல் முதலில் பொங்கியது, யார் தட்டு கவிழாமல் போனது என்று பிள்ளைகளுக்குள் நடக்கிற சண்டை இருக்கிறதே, அது தனி.

பெரிய பொங்கலுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. மண்ணைக் குழைத்து அடித்த மூன்று பொங்கல் கட்டிதான் அடுப்பு. அதில் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போடுவது எங்கள் பொறுப்பு. பட்டை கோணலாகத்தான் வரும், ஆச்சி ஒருநாளும் திருத்தியதில்லை. அவள் திருத்தியிருந்தால் அடுத்த வருஷம் நாங்கள் பக்கத்திலேயே போயிருக்க மாட்டோம். இதைத்தான் நான் சொல்ல வருவது, பிள்ளைகளை நிற்கவைத்து வேடிக்கை காட்டாதீர்கள், செய்ய ஒரு வேலையைக் கொடுங்கள், அது கோணலாக இருந்தாலும் அப்படியே வையுங்கள்.

பால்கனியில் ஒரு பெரிய தாம்பாளத்தில் களிமண் வீடு கட்டலாம். என் மகளுக்கு அப்படித்தான் செய்கிறோம். மகனும் கேட்டான், அவனுக்கும் ஒரு அறை.

குடில் மோட்டார்:

பதினொரு வயசுப் பிரச்சனைக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு அந்த வயதில் ஒருவன் இருக்கிறான்.

நாகர்கோவில் பக்கம் நாங்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில் குடில் கட்டுவது என்றால் சும்மா நாலு பொம்மை வைப்பது இல்லை. ரெண்டு வாரத்துக்கு முன்னாலேயே கேழ்வரகைத் தெளித்து முளைக்கவிட வேண்டும், அதுதான் புல்வெளி. மலை, ஆறு, பாலம், காற்றாடி எல்லாம் வரும். பெத்லகேமில் அருவி இருந்ததா என்று கேட்காதீர்கள், எங்கள் பெத்லகேமில் இருக்கிறது.

இளையவளுக்கு அஞ்சு வயது. மாதா, சூசையப்பர், இடையர்கள் எல்லாரும் முதல் நாளே வந்துவிடுவார்கள், பாலன் மட்டும் 24ஆம் தேதி ராத்திரிப் பூசை முடிந்தபிறகுதான் தொட்டிலுக்கு வருவார். அதுவரை பீரோவில் சேலைகளுக்கு நடுவில் இருப்பார். இவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் பொறக்கல்ல” என்று வீடு முழுக்க அறிவிப்பாள். எனக்கு அந்த வைக்கோல் தொட்டில் வருஷா வருஷம் பார்த்த சாமான்தான். அவள் சொல்லச் சொல்ல நானும் வருகிற போகிற வழியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், என்ன செய்வது.

மூத்தவன் ரெண்டு வருஷமாக இதெல்லாம் பாப்பா வேலை என்று ஒதுங்கிவிட்டான். கூப்பிட்டால் வரமாட்டான், கெஞ்சினால் இன்னும் மோசம். போன தடவை அருவிக்கு வைத்த மோட்டார் நின்றுபோனது. நான் ஒன்றும் சொல்லாமல் மீன் தொட்டியின் பம்பைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தண்ணீர் ஓடுகிறது, சீரியல் செட்டையும் கழற்றி வேறு மாதிரி மாட்டியிருக்கிறான், யாரும் தொடக் கூடாது என்று தங்கைக்கு உத்தரவு வேறு. அந்த வயதில் மேளம் அடிக்கச் சொன்னால் அடிக்க மாட்டார்கள். பெரியவன் என்கிற பதவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் அக்காவை.

மரப்பாச்சி:

எனக்குக் குழந்தை இல்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வரவே யோசித்தேன்.

எங்கள் வீட்டில் அம்மா காலத்துக் கொலு இன்னும் உண்டு. செட்டியார் தம்பதி, தசாவதார செட், விளக்கு வெளிச்சத்தில் கண் மட்டும் தெரிகிற மரப்பாச்சி ஜோடி, எல்லாம் அப்படியே. நவராத்திரிக்கு எங்கள் பிளாக்கில் இருக்கிற வாண்டுகள் சுண்டலுக்கு என்று வருவார்கள். போன வருஷம் கீழ் வீட்டுப் பையன் கீழே நான் மணல் கொட்டிச் செய்திருந்த பார்க்கில் தன் ஜேசிபி பொம்மையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆன்ட்டி, இங்கே ரோடு போட்டுக்கிட்டு இருக்காங்க” என்றான். மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு அடுத்த நாள் டிராஃபிக் ஜாம். கைலாயத்துக்குக் கீழே இவ்வளவு போக்குவரத்தை நான் பார்த்ததே இல்லை. விஜயதசமிக்கு ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைக்கும் வழக்கம் இருக்கிறது அல்லவா, அவன் ஜேசிபியையும் படுக்கவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

அதனால் குழந்தை வேண்டும் என்பது சரி. உங்கள் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. கதவு திறந்திருந்தால் போதும், சுண்டலில் காரம் கம்மியாகப் போடுங்கள்.

பால்கனிப் பொங்கல்:

எல்லாருக்கும் நன்றி. மரப்பாச்சி, தலைப்பை யோசிக்காமல் போட்டுவிட்டேன், நீங்கள் உள்ளே வந்தது நல்லதாகப் போயிற்று. சீடை, உங்கள் பதிவை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், படித்துவிட்டார், பதில் இல்லை. இந்தத் தடவை பால்கனியைக் கழுவுவது அவர்தான். அக்காவிடம் பம்பு கதையைச் சொன்னேன், அவர்கள் வீட்டுக் கார்த்திகை விளக்குக்குப் பையனே ஒயரிங் செய்யட்டும் என்று ஒரு திட்டம் போடுகிறாள், அகல் விளக்குக்கு என்ன ஒயரிங் என்று புரியவில்லை.

பொருநை, ஒரு சந்தேகம். சிறுவீட்டுப் பொங்கலுக்கு மண் பானைதானே? கேஸ் அடுப்பில் தாங்குமா? எங்கள் வீட்டில் போன தடவை வாங்கிய மண் சட்டி முதல் நாளே விரிந்துவிட்டது.

பொருநைக் கரை:

தாங்கும் அக்கா. புதுப் பானையை அப்படியே ஏற்றக் கூடாது. முதல் நாளே தண்ணீரில் முங்கப் போட்டு, ராத்திரி முழுக்க ஊறட்டும். அப்புறம் வெயிலில் காயவைத்து, வடிகஞ்சி ஊற்றிச் சின்னத் தீயில் ஒரு தடவை கொதிக்கவிடுங்கள். பொங்கல் அன்றைக்கும் எடுத்தவுடனே தீயைக் கூட்டாதீர்கள், பானை சூடான பிறகு பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். கால் படி பிடிக்கிற பானை போதும். மார்கழிக் கடைசியில் மண்பாண்டக் கடைகளில் வரும், ரெண்டாக வாங்கிவையுங்கள், ஒன்றை அவள் எப்படியும் உடைப்பாள்.