சேலைக் கடை வெப்சைட் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டியபோது எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

*குழு: சின்னாளபட்டி வீடு*

*ஞாயிறு*

*காலை 8:40 – அத்தை:* அண்ணே, பெங்களூரிலிருந்து ஒரு அம்மா அரக்கு நிறச் சுங்குடி இரண்டு கேட்டிருந்தார்களே, இப்போது யோசிக்கிறார்கள். நம் வெப்சைட்டைத் திறந்தால் மேலே ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறதாம். முகவரி எழுதப் பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

*8:41 – அத்தை:* 📷 படம்

*8:52 – அப்பா:* எனக்கும் ரொம்ப நாளாக அப்படித்தான் வருகிறது. சேலைப் படமெல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன்.

*9:05 – அண்ணன் (பெரியப்பா மகன்):* சித்தப்பா, தள முகவரி எச்டிடிபி (http) என்று மட்டும் தொடங்கினால் குரோம் பிரவுசர் அப்படிக் காட்டும். 2018 ஜூலையில் ஆரம்பித்தது. அந்த எழுத்துகளின் கடைசியில் ‘எஸ்’ சேர்ந்து எச்டிடிபிஎஸ் (https) ஆக வேண்டும். அந்த எஸ் இல்லாததால் வாடிக்கையாளர் எழுதுவது அப்படியே திறந்தபடி வருகிறது.

*9:08 – அப்பா:* நம்மிடம் திருட என்ன இருக்கிறது தம்பி? கார்டு நம்பர் எதையும் நாம் வாங்குவதில்லையே. பணம் யுபிஐயில் வருகிறது.

*9:15 – அண்ணன்:* பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், எந்தச் சேலை, என்ன விலை, எல்லாம் ஆர்டர் படிவத்தில் இருக்கிறது சித்தப்பா. அவர்கள் ஏதோ ஒரு ஹோட்டல் வைஃபையில் உட்கார்ந்து ஆர்டர் போட்டால் அந்த வைஃபையை நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம்.

*9:17 – அண்ணன்:* படிப்பதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. நடுவில் இருப்பவர் பக்கத்தையே மாற்றி அனுப்பலாம். பக்கத்தின் அடியில் கடையின் க்யூஆர் படம் வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டுத் தன் க்யூஆரை வைத்தால் யாருக்குத் தெரியும்? சேலை நம்முடையது, பெயர் நம்முடையது, பணம் மட்டும் வேறு எங்கோ போகும். நம் தளம் இருக்கும் சர்வரில் எதுவுமே மாறியிருக்காது.

*9:30 – பெரியப்பா:* இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தம்பி, நான் முப்பது வருஷம் தபால் பையைக் கட்டியவன். தபால் கார்டை எவன் வேண்டுமானாலும் படிப்பான், அதனால் அதில் யாரும் ரகசியம் எழுதமாட்டார்கள். இன்ஷூர் செய்த பார்சலுக்கு நூல் சுற்றி, முடிச்சு மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவோம். வழியில் பிரித்தால் அரக்கு உடைந்துவிடும், திரும்ப அதே மாதிரி ஒட்டவே முடியாது. உடைந்த அரக்கோடு வந்தால் அப்படியே வாங்கமாட்டோம், முதலில் எடை போட்டுப் பார்ப்போம். இந்த எஸ் அந்த அரக்குதானே?

*9:34 – அண்ணன்:* அதேதான் அப்பா. உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. வழியில் மாற்றினால் பிரவுசர் ஏற்காது. முத்திரையில் எந்த ஆபீஸ் என்று இருக்குமே, அதுபோல எதிரில் இருப்பது நம் தளம்தான் என்பதற்கு ஒரு சான்றிதழும் உண்டு.

*9:36 – பெரியப்பா:* ஆனால் அரக்கு வைத்த பார்சலுக்குள் நல்ல சரக்கு இருக்கும் என்று அர்த்தமில்லை.

*9:38 – அண்ணன்:* மிகச் சரி. ஏமாற்றுத் தளங்களும் இந்தச் சான்றிதழை வாங்கிவிடுகின்றன. முகவரிக்கு முன்னால் வரும் பூட்டுப் படத்தைப் பார்த்து ஆட்கள் ‘நல்ல கடை’ என்று நினைத்துவிடுகிறார்கள் என்றுதான் குரோம் 2023-ல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஐகான் வைத்தது.

*9:50 – அப்பா:* சைட் செய்து கொடுத்தவரிடம் போன வருஷமே கேட்டேன். சான்றிதழுக்கு வருஷம் 6,000 ரூபாய் ஆகும் என்றார். தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிட்டேன்.

*9:53 – அண்ணன்:* இலவசமாகவே கிடைக்கிறது சித்தப்பா. லெட்ஸ் என்கிரிப்ட் என்று ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்குவதும் இதுவும் பூட்டுவதில் ஒன்றுதான். 90 நாளில் காலாவதியாகும், ஆனால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிடலாம். தளத்துக்கு இடம் கொடுக்கிற உங்கள் ஹோஸ்டிங்கில் அதற்கு ஒரு பட்டன் இருக்கும். லாகின் அனுப்புங்கள், தனிச் செய்தியில். குழுவில் போடாதீர்கள்.

*10:20 – அண்ணன்:* லாகின் பார்த்தேன். யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு கடை போன் நம்பர். கடை நம்பர் போர்டிலேயே இருக்கிறதே சித்தப்பா. அதோடு, எஸ் இல்லாததால் நீங்கள் வெளியே பொது வைஃபையில் லாகின் செய்தபோதெல்லாம் இந்தப் பாஸ்வேர்டும் திறந்தபடிதான் போயிருக்கும். இன்றே மாற்றுகிறேன். இரண்டாவது பூட்டாக, லாகின் செய்யும்போது உங்கள் போனில் வரும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும்.

*11:05 – நான்:* அண்ணா, கூகுளில் நம் கடைப் பெயரைத் தேடினேன். நம் முகவரிக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் ஏதேதோ வருகிறது. கைக்கடிகாரம், பை மாதிரி படங்கள்.

*11:12 – அண்ணன்:* நல்ல வேளை பார்த்தாய் பாப்பா. யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். நம் தளத்தின் பெயரில் ஆயிரக்கணக்கில் போலிப் பக்கங்களை உருவாக்கி, தங்கள் கடைக்கு ஆள் பிடிக்கிறார்கள். உலகம் முழுக்க நடக்கிற பழைய வேலை இது. சின்னாளபட்டியைத் தேடி யாரும் வரவில்லை. எந்தத் தளத்தில் பழைய பிளக்இன் (தளத்தோடு சேர்க்கும் சின்னத் துணைப் புரோகிராம்) இருக்கிறது என்று புரோகிராம்கள் இரவும் பகலும் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் படிவத்தின் பிளக்இன் நான்கு வருஷமாக அப்டேட் ஆகவில்லை. எஸ் போட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். அது வழிக்குத்தான் காவல், இது வீட்டுக் கதவு.

*மாலை 4:40 – அண்ணன்:* எல்லோரும் இதைப் படியுங்கள். அந்தப் படிவம் ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறது. அந்த ஃபைலின் முகவரியை லாகின் இல்லாமல் என் போனில் அடித்தேன். திறந்துவிட்டது. 1,140 பேர். பெயர், தெரு, கதவு எண், போன். மூன்று வருஷத்து ஆர்டர்.

*4:43 – அத்தை:* ஐயோ. போன மாதம் இரண்டு பேர் சொன்னார்கள் அண்ணே. ‘உங்கள் சுங்குடி பார்சல் நின்றுவிட்டது, இந்த லிங்கில் 5 ரூபாய் கட்டுங்கள்’ என்று போன் வந்ததாம். சுங்குடி என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். கூரியரில் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

*4:46 – அப்பா:* நம் ஃபைலிலிருந்துதான் போனதா?

*4:49 – அண்ணன்:* அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது சித்தப்பா, பார்சல் மேல் ஒட்டிய சீட்டிலும் பெயரும் நம்பரும் இருக்கும். ஆனால் நம் ஃபைல் திறந்து கிடந்தது உண்மை. இப்போது எடுத்துவிட்டேன், பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் போட்டார்கள். தகவலை ஒழுங்காகக் காக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. சின்னக் கடைக்கு அவ்வளவு போடுவார்கள் என்று சொல்லவில்லை, பொறுப்பு நம்முடையது என்பதற்காகச் சொல்கிறேன்.

*5:02 – அப்பா:* சட்டம் இருக்கட்டும் தம்பி. பாதிப் பேர் வீட்டில் தனியாக இருக்கிற பெண்கள். ‘பகலில் கொண்டுவரச் சொல்லுங்கள், சாயங்காலம் வீட்டில் யாரும் இருக்கமாட்டோம்’ என்று குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறார்கள். அதை நானே படித்துப் பார்சல் கட்டியிருக்கிறேன். அதுவும் அந்த ஃபைலில் இருந்ததா?

*5:03 – அண்ணன்:* இருந்தது.

*5:20 – அப்பா:* எல்லோருக்கும் சொல்லிவிடலாம். தங்கச்சி, நீ எழுது. மூடி மறைக்க வேண்டாம்.

*6:10 – அத்தை:* இப்படி எழுதினேன், பாருங்கள்: ‘எங்கள் தளத்தில் உங்கள் பெயர், முகவரி, போன் எண், நீங்கள் எழுதிய குறிப்பு இருந்த ஃபைல் வெளியாட்கள் பார்க்கும்படி இருந்துவிட்டது. அதை நீக்கிவிட்டோம். மன்னிக்கவும். பார்சல் பெயரில் யார் பணமோ ஓடிபியோ கேட்டாலும் கொடுக்காதீர்கள், நாங்கள் கேட்கமாட்டோம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.’

*6:14 – பெரியப்பா:* நன்றாக இருக்கிறது அம்மா. கீழே என் தம்பி பெயரும் கடை நம்பரும் போடு. திட்டுகிறவர்கள் நம்மையே கூப்பிட்டுத் திட்டட்டும்.

*புதன்*

*இரவு 9:25 – அண்ணன்:* நடந்ததைச் சொல்கிறேன். ஹோஸ்டிங்காரர் ஏழு நாள் பேக்கப்தான் வைத்திருந்தார், புகுந்தவன் அதற்கும் முன்பே புகுந்திருக்கிறான். அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதிதாகப் போட்டு, சேலைப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றினேன். தெரியாத ஒரு அட்மின் கணக்கு இருந்தது. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலிலும் யாரோ தன்னை நம் தளத்தின் உரிமையாளர் என்று சேர்த்து வைத்திருந்தார், இரண்டையும் நீக்கிவிட்டேன். ஜப்பானியப் பக்கங்கள் தேடலிலிருந்து மறையக் கொஞ்ச நாள் ஆகும்.

*9:27 – அண்ணன்:* சான்றிதழ் போட்டும் படிவத்தில் மட்டும் எச்சரிக்கை நிற்கவில்லை. பார்த்தால், பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க, ‘அனுப்பு’ பட்டன் மட்டும் பழைய எச்டிடிபி முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து. அதுவும் சரியாகிவிட்டது. பார்சல் போய்ச் சேர்ந்த 60-வது நாள் முகவரி தானாக அழிந்துவிடும்.

*9:31 – அப்பா:* டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) இன்று என் பெயருக்கு மாறிவிட்டது. இத்தனை நாள் சைட் செய்து கொடுத்தவர் ஈமெயிலில் இருந்திருக்கிறது. அவர் புதுப்பிக்க மறந்திருந்தால் கடைப் பெயரே போயிருக்கும். பேக்கப்புக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிவிட்டேன், பாப்பா வாரா வாரம் ஞாயிறு எடுக்கும்.

*9:33 – நான்:* எடுக்கிறேன் அப்பா. அப்டேட்டும் அப்போதே பார்த்துவிடுகிறேன்.

*9:40 – பெரியப்பா:* சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே எஸ் இல்லாமல் அடித்தேன். அதுவாகவே எஸ்ஸுக்கு மாறிப் போகிறது.

*9:48 – அத்தை:* மன்னிப்புச் செய்திக்கு இதுவரை 63 பேர் பதில் போட்டிருக்கிறார்கள். நான்கு பேர் நன்றாகத் திட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். பெங்களூர் அம்மாவுக்குப் புது லிங்க் அனுப்பினேன் அண்ணே. அரக்கு இரண்டு, கூட ஒரு மாம்பழ மஞ்சள். நாளைக் காலைக் கூரியருக்குக் கட்டி வையுங்கள்.