டாலருக்குக் கீழே ஏன் 90?

நாணயப் பித்தன்:
வணக்கம். அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் கருவூலப் பேரேட்டுப் பக்கங்கள் சில இணையத்தில் கிடைத்தன. தொகை டாலரில்தான். ஆனால் சில்லறை 45/90, 72/90 என்று போகிறது. சென்ட் அப்போது கிடையாது, சரி. இந்த 90 எங்கிருந்து வந்தது? சண்டைக்கு நடுவே இதையெல்லாம் யார் சரிபார்த்தார்கள்?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்:
90 என்பது பென்னிக் கணக்கு. கருவூலம் இருந்த பிலடெல்பியாவில், பென்சில்வேனியா வழக்கப்படி ஒரு ஸ்பானிய டாலர் (அன்று புழங்கிய வெள்ளி நாணயம்) 7 ஷில்லிங் 6 பென்ஸ் (பென்னியின் பன்மை). ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 90. உங்கள் 72/90 இன்றைய 80 சென்ட். நியூயார்க்கில் அதே டாலர் 8 ஷில்லிங், மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் 6. குதிரைத் தீவன ரசீதைக்கூட எந்த ஊர்க்காரன் கொடுத்தது என்று பார்த்துத்தான் கூட்ட முடியும். போதாததற்குக் காகிதப் பணம். 1780 மார்ச்சில் அமெரிக்க மாநிலங்களின் பொதுச் சபையான காங்கிரஸே தன் 40 டாலர் தாளுக்கு ஒரு வெள்ளி டாலர்தான் மதிப்பு என்று அறிவித்துவிட்டது.

சரிபார்த்தார்களா? படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனையே விடவில்லை ஐயா! சம்பளம் வேண்டாம், செலவுத்தொகை போதும் என்று 1775-ல் பதவி ஏற்றவர், 1783 டிசம்பரில் கணக்கைக் கொடுத்தார். கருவூல கம்ப்ட்ரோலர் (கணக்குச் சரிபார்ப்பு அதிகாரி) ஜேம்ஸ் மில்லிகன் பார்த்துவிட்டு, அவர் கேட்டதற்கு மேல் 89/90 டாலர் அவருக்குச் சேரவேண்டும் என்றார். நான் எழுதிய தணிக்கைக் குறிப்புகள் முக்கால்வாசி 'வசூலிக்கவும்' என்றுதான் முடியும்!

தென்காசி வாசகர்:
ஒருவர் கணக்கு சரி. மாநிலங்கள் செய்த செலவு?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்:
அது 1793 வரை இழுத்தது. பல மாநிலங்களிடம் உருப்படியான வவுச்சர் இல்லை. நியாயமான செலவு என்று பட்டால் வவுச்சர் இல்லாமலும் ஏற்கலாம் என்று இந்தக் கணக்கைத் தீர்க்க நியமித்த ஆணையர்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல்தான், ஆனால் வேறு வழியில் கணக்கை மூடியிருக்க முடியாது. முடிவில் 7 மாநிலங்களுக்கு வரவு (மத்திய அரசு அவற்றுக்குத் தரவேண்டியது), 6 மாநிலங்களுக்குப் பற்று (அவை மத்திய அரசுக்குத் தரவேண்டியது). வரவுக்காரர்களுக்குக் கடன் பத்திரம் கொடுத்தார்கள். பற்றுக்காரர்களிடம் பெரும்பகுதி வசூலே ஆகவில்லை.

நாணயப் பித்தன்:
நன்றி ஐயா. படைவீரர் பட்டியலும் இதே பேரேடுகளில் இருக்குமா?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்:
அங்கே தேடாதீர்கள். போர்த்துறை ஆவணங்களில் பெரும்பகுதி 1800 நவம்பர் தீவிபத்தில் போய்விட்டது. அதனால் 1832 ஓய்வூதியச் சட்டத்தில், காகிதம் இல்லாத கிழவர்கள் எந்தப் படை, யார் தளபதி, எங்கே சண்டை என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லவேண்டியிருந்தது. அந்த ஓய்வூதியக் கோப்புகளைப் பாருங்கள், ஆள் பெயரோடு கிடைக்கும்.