ஏற்காடு மலை ஊரில் 16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம், ஊரை எப்படிப் பேச வைப்பது?

வணக்கம். ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊரில் மாலை வகுப்பு எடுக்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். பத்தாவது முடித்த பெண், வயது 16, சொந்தத்திலேயே மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம், அதாவது ஆடி முடிகிற வரைதான் நேரம். அவளுக்கோ மேலே படிக்க ஆசை.

அவள் அப்பாவிடம் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைச் சொன்னேன்: பெண்ணுக்கு 18 ஆகணும், மீறி நடத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். தலையாட்டினார், அவ்வளவுதான். குழந்தைகள் உதவி எண் 1098-இல் சொன்னதும் ஆட்கள் வந்து, கல்யாணம் நடத்த மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள், அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் இப்போது வேறு ஊர்க் கோயிலில் சத்தமில்லாமல் தாலி கட்டலாம் என்று பேச்சு. மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம், அதை மீறிக் கட்டினால் கல்யாணமே செல்லாது என்பதும் தெரியும், அதற்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது இந்த ஒருத்தியைக் காக்கும், அடுத்த வருடம் பத்தாவது முடிக்கிறவளை?

மேல்நிலைப் பள்ளி தூரம், பஸ் குறைவு, பெற்றோர் தோட்ட வேலைக்குப் போனால் வயசுப் பெண் வீட்டில் தனியாக, இந்தப் பயம்தான் பாதிக் காரணம். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்றதற்கு அம்மா கொஞ்சம் அசைந்தார். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்றால்தான் நிற்கும், அவர்களோ வெளியாள் பேச்சைக் கேட்பதில்லை.

சேர்வராயன், கல்வராயன் மலைப் பக்கம் ஊர்க்கூட்டமே '18-க்கு முன்னால் கல்யாணம் இல்லை' என்று முடிவெடுக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் யாரைப் பிடித்துப் பேசினீர்கள்?