வோல்ட் மீட்டரில் 13.1, பேட்டரியில் 14.2: எதை நம்புவது?

பாம்பன்_நண்டு:

வண்டி பழைய மாருதி 800. ஊர் பாம்பன். விடியற்காலை மூன்று மணிக்குக் கரைக்குப் போய் நண்டை எடை போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பாலம் தாண்டி மண்டபத்தில் சேர்ப்பது என் வேலை. இந்த வண்டியில் பேட்டரியைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் உண்டு. அது எரிகிற நேரத்தில் காரியம் கெட்டிருக்கும். நடுப்பாலத்தில் வண்டி நின்றால் காற்று என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வாங்கினேன். சிவப்பு, கருப்பு என்று இரண்டே ஒயர்.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். சாவியை எடுத்த பிறகும் எண் எரிந்துகொண்டே இருந்தது. இத்தனூண்டு எல்இடி என்ன குடித்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். ஏப்ரல் 15 மீன்பிடி தடைக்காலம் வந்தது. விசைப்படகு நின்றால் எனக்கும் வேலை நின்றது, மாமனார் ஊருக்குப் போய்விட்டேன். ஜூன் 14 ராத்திரி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்த்தும் தேறவில்லை, புதுசு வாங்கினேன்.

இந்த முறை சிவப்பு ஒயரைச் சிகரெட் லைட்டர் ஃபியூஸில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்திலிருந்து இன்னொரு ஒயர் பிரித்தெடுக்கும் சொருகி) சொருகி எடுத்தேன். கருப்பை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்குரூவில் முடுக்கினேன். சாவி போட்டால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது. அதுவரை சந்தோஷம்.

இப்போதுதான் குழப்பம். இன்ஜின் ஓடும்போது மீட்டர் 13.9 காட்டுகிறது. ஹெட்லைட்டும் புளோயரும் போட்டால் 13.1க்கு இறங்குகிறது. அதே நேரத்தில் பேட்டரி டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால் 14.2. ஒரு மெக்கானிக் மீட்டர் டூப்ளிகேட், தூக்கிப் போடு என்கிறார். இன்னொருவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

தொண்டி_டீசல்:

இணைப்பே தப்பு. பேட்டரி ப்ளஸ் ஒயரை வெட்டி, நடுவில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். எங்கள் அப்பா டிராக்டரில் அப்படித்தான் இருந்தது.

கீழக்கரை_காக்கா:

தொண்டி தம்பி, அப்பா டிராக்டரில் இருந்தது ஆம்பியர் மீட்டர். ஓடுகிற கரண்டை அளக்க அது வழியில் உட்கார வேண்டும். வோல்ட் மீட்டர் அப்படியில்லை, ப்ளஸுக்கும் எர்த்துக்கும், அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டித் தகரத்துக்கும், குறுக்கே நிற்கும். இதை நடுவில் கோர்த்தால் அதன் வழியே கரண்டே போகாது, வண்டி செத்த மாதிரி கிடக்கும்.

பாம்பன் தம்பி, உங்கள் பேட்டரி எப்படிப் போனது என்று கணக்குப் பாருங்கள். இந்த மாதிரி மீட்டர் சுமார் 20 மில்லியாம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-ஹவர். தடைக்காலம் 61 நாள், ஆக 29 சொச்சம். உங்கள் வண்டிக்குப் போடும் பேட்டரி 35. தானாக இறங்குவதையும் சேர்த்தால் மிச்சம் ஏது? அவ்வளவு காலியாகிக் கிடந்த பேட்டரி தட்டில் சல்பேட் படிந்துவிடும். அப்புறம் தேறாது.

உச்சிப்புளி_ஒயர்:

டைனமோவைத் தொடாதீர்கள். லைட்டும் புளோயரும் ஓடும்போதே பேட்டரியில் 14.2 வருகிறது என்றால் டைனமோ ஒழுங்காக வேலை செய்கிறது. 15ஐத் தாண்டினால் வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று பயப்படலாம். இன்ஜின் ஓடும்போதும் 12.5க்கே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. உங்களுடையது இரண்டுமில்லை.

மீட்டரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அது பேட்டரியைப் பார்க்கவில்லை, தன் கால் நிற்கிற இடத்தைப் பார்க்கிறது. இடையில் 1.1 வோல்ட் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் இழுக்கும் 20 மில்லிக்கு இவ்வளவு இறங்காது. அதே பாதையில் ஹெட்லைட்டும் புளோயரும் இழுக்கிற கரண்ட்தான் இறக்குகிறது. 55 வாட் பல்பு இரண்டுக்கே ஒன்பது ஆம்பியர் போல வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் ஓடட்டும், லைட், புளோயர் எல்லாம் எரியட்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை மீட்டரின் கருப்பு ஒயர் முடுக்கிய ஸ்குரூவிலும் வையுங்கள். ஒயர் எட்டாவிட்டால் வேறு ஒயர் முடிந்துகொள்ளலாம், ஃபேனில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 0.2க்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அப்புறம் பேட்டரி ப்ளஸுக்கும் மீட்டர் சிவப்புக்கும் இடையே அதே மாதிரி பாருங்கள். இரண்டையும் கூட்டினால் உங்கள் 1.1 வர வேண்டும்.

நான் எர்த் மேல்தான் பந்தயம் கட்டுவேன். மதுரை வண்டியாக இருந்தால் யோசித்திருப்பேன். கடல் உப்புக்காற்றில் அரிச்சல்முனை வரை ஓடுகிற வண்டிகளில் நான் பார்த்தவரை பத்துக்கு ஏழு எர்த்துதான்.

பாம்பன்_நண்டு:

பார்த்துவிட்டேன். எர்த் பக்கம் 0.8. ப்ளஸ் பக்கம் 0.3. கூட்டினால் சரியாக 1.1!

பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரைத் தேடினேன். பேட்டரி தட்டுக்குக் கீழே, வெளியில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் வைத்துக் கழற்றியதும் லக்குக்கும் (ஒயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) தகரத்துக்கும் நடுவில் பச்சையும் வெள்ளையுமாக மாவு. ஒயரின் மேல்தோலை ஒரு விரல் நீளம் சீவினால் செம்பு கருவாடு மாதிரி கறுத்திருக்கிறது. இன்னும் ஒரு விரல் சீவினேன், அங்கேயும் கறுப்பு. இனி என்ன செய்வது? டேஷ்போர்டு ஸ்குரூவை விட்டுவிட்டு மீட்டர் எர்த்தை நேராகப் பேட்டரி மைனஸுக்கு இழுத்துவிடவா?

உச்சிப்புளி_ஒயர்:

இழுத்தால் மீட்டர் நல்ல எண் காட்டும், வண்டி அப்படியே இருக்கும். நோவு அங்கேயே கிடக்கும்.

கறுத்த ஒயரைக் காப்பாற்ற முயலாதீர்கள், அதில் ஈயமும் பிடிக்காது. 10 ஸ்கொயர் எம்எம் கேபிள் வாங்கி, இரண்டு பக்கமும் செம்பு லக் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். தகரத்தில் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளி தெரியும்வரை தேயுங்கள். (பெயரே உப்புத்தாள், நம்ம ஊருக்குப் பொருத்தம்தான்.) முடுக்கிய பிறகுதான் மேலே வாசலின் பூச வேண்டும், முன்னால் இல்லை. டேஷ்போர்டு ஸ்குரூவும் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால் அதையும் தேய்த்துவிடுங்கள்.

ப்ளஸ் பக்கத்து 0.3 சாவி சுவிட்சின் தேய்மானம், பழைய வண்டிக்குச் சகஜம். மனது கேட்காவிட்டால் ஒரு ரிலே (சின்ன கரண்டில் இயங்கும் சுவிட்ச்) போடலாம். அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 30ஐப் பேட்டரி ப்ளஸிலிருந்து, டெர்மினல் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். 87 மீட்டருக்கு. 86 லைட்டர் ஃபியூஸுக்கு, 85 எர்த்துக்கு. நானாக இருந்தால் போட மாட்டேன். 0.3 குறைத்துக் காட்டும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பாம்பன்_நண்டு:

போட்டாயிற்று. லைட், புளோயர் எல்லாம் ஓடும்போது மீட்டரில் 13.8. எர்த் பக்கம் 0.1தான். ரிலே போடவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை: நேற்று மூன்று மணிக்குப் பாலம் ஏறும்போது ஹெட்லைட் வெள்ளையாக அடித்தது. இத்தனை நாள் மஞ்சளாக இருந்ததற்கு கண்ணாடி பழசு என்று நினைத்திருந்தேன்.

தொண்டி_டீசல்:

என் வண்டியிலும் வைத்துப் பார்த்தேன், எர்த் 0.6. டிராக்டர் பேச்சை மறந்துவிடுங்கள். கேபிள் எத்தனை அடி வாங்க வேண்டும் அண்ணே?

உச்சிப்புளி_ஒயர்:

மைனஸ் டெர்மினலிலிருந்து போல்ட் வரை கயிறு பிடித்து அளந்துகொள், தம்பி. வளைவுக்கு அரை அடி கூட வை.